கணிப்புச் சந்தையில் ஒரு கள்ளன்

சந்தையில் யாரோ கள்ளம் செய்கிறார்கள் என்ற சந்தேகம் வெள்ளிக்கிழமைக்குள் தீர வேண்டும். தீராவிட்டால் சந்தையை மூடிவிடுவார்கள், அதோடு அதை நடத்தும் சுலோஜனாவின் வேலையும் போய்விடும். கொழும்பிலிருந்து மேலதிகாரி போனில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

சந்தை என்றால் மரக்கறிச் சந்தை இல்லை. லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆற்றில் ஒரு சின்ன மின் நிலையம் இருக்கிறது. நாளைக்கு அங்கே எத்தனை யூனிட் கரண்ட் வரும் என்று யார் வேண்டுமானாலும் போனில் கணித்து அனுப்பலாம். எல்லாருடைய கணிப்பையும் கலந்து கணினி ஒரே எண்ணாக்கும். அடிக்கடி சரியாகச் சொல்பவருக்குக் காசு கிடைக்கும். அடுத்த கலவையில் அவர் சொல்லுக்குக் கனமும் கூடும்.

பதுளையில் துணிக்கடைக்காரர், டியூஷன் வாத்தியார், ஓட்டோக்காரர் என்று ஊரே இதில் இறங்கியிருந்தது. மேகப் படத்தைப் பார்த்தார்கள், மழைக் கணக்கைப் பார்த்தார்கள், சாதகம் பார்க்கும் சாத்திரியைக்கூடப் பார்த்தார்கள். எல்லாரும் தோற்றார்கள்.

இந்திரஜித் மட்டும் தோற்கவே இல்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பையன். இப்போது ஹாலிஎலயில் மண்டபம் எடுத்து, கரண்ட் கணிப்பது எப்படி என்று வகுப்பே நடத்துகிறான். சுலோஜனாவும் ஒரு நாள் மாணவி போலப் போய் உட்கார்ந்தாள். தவளை எந்தப் பக்கம் பார்த்துக் கத்தினால் ஆறு ஏறும், கொழுந்து வியர்த்தால் என்ன அர்த்தம் என்று அவன் மூச்சு விடாமல் பேசினான். முன்வரிசையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

சுலோஜனா யாழ்ப்பாணத்துப் பெண், பொறியியல் படித்தவள். தவளையை வைத்து இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே யாரோ ஆள் இருக்க வேண்டும்.

தோட்டத்தில் விசாரித்ததும் ஆள் கிடைத்துவிட்டார். மின் நிலையத்து ஒப்பரேட்டர் ஜெயராசா, இந்திரஜித்தின் சொந்தத் தாய்மாமன்.

"கோயில் திருவிழாச் சண்டையில இருந்து ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லீங்க," என்றாள் லுணுகலை பேக்கரியில் ரெங்கம்மா. "வெளியில அப்படி. உள்ளுக்குள்ள என்னமோ, யாரு கண்டா?"

சுலோஜனா காணப் புறப்பட்டாள்.

வியாழக்கிழமைக்குக் கன மழை என்று அறிவிப்பு வந்தது. ஊரே எண்ணாயிரம் யூனிட், ஒன்பதாயிரம் என்று அள்ளிப் போட்டது. இந்திரஜித் போட்டது ஐயாயிரம். தவளை கத்தவில்லையாம். அவன் சொல்லுக்கு இருந்த கனத்தில் கலவையும் ஐயாயிரத்திலேயே வந்து நின்றது.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வியாழன் காலையில் ஆறு கரை புரண்டு ஓடியது. மின் நிலையத்துக்கு மேலே தேயிலைச் செடிகளுக்குள் குந்தியிருந்து சுலோஜனா கவனித்தாள்.

ஜெயராசா வெளியே வந்தார். போனை எடுத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு நேரே போய், தண்ணீர் உள்ளே போகும் கதவைப் பாதிக்கு இறக்கினார். கரண்டாக வேண்டிய தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் சும்மா பாய்ந்தது.

சுலோஜனா சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கதவை இறக்கச் சொன்னது ஆர்?"

ஜெயராசா பதறவில்லை. "மொதல்ல கால்ல இருக்க அட்டையை எடுங்க மிஸ்," என்று சவர்க்காரத் துண்டு ஒன்றை நீட்டினார். பிறகுதான் பதில் வந்தது. "தெனம் காலையில நம்பர் வரும். இன்னைக்கு ஐயாயிரம். அதுக்கு ஏத்த தண்ணியத்தான் உள்ள விடுவேன்."

"ஆறு நிறையத் தண்ணி ஓடுது. கூட எடுத்தால் என்ன?"

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காலையில பெரட்டுக்களத்துல வேலை பிரிக்கிறப்ப பதினெட்டுக் கிலோ கொழுந்துன்னா, பதினெட்டுதான் மிஸ். வீரம் காட்டி இருபத்தஞ்சு எடுத்தீங்கன்னா, அடுத்த மாசம் தொரை அதையே எல்லாத்துக்கும் வச்சிருவாரு. நான் கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். தண்ணி வத்துற நாளைக்குன்னு தொட்டியில பிடிச்சு வேற வச்சிருக்கேன்."

அதைப் பெருமையாகவே சொன்னார். இவ்வளவு நாளும் ஆறு எப்படித் தவறாமல் கணிப்புக்குப் பணிந்து நடந்தது என்பது சுலோஜனாவுக்கு விளங்கிவிட்டது. ஒரு பெயர் மட்டும்தான் மிச்சம்.

"நம்பர் அனுப்பிறது உங்கட மருமகன்தானே?"

"அந்த நாயோட யாரு பேசுவா?" ஜெயராசாவின் முகம் முதல்முறையாகக் கோணியது. "நீங்கதானே மிஸ் அனுப்புறீங்க. ஒங்க பேருலதானே வருது."

கலவை எண்ணைத் தினமும் காலையில் மின் நிலையத்துக்கும் ஒரு தகவலாக அனுப்பும்படி கணினியில் ஏற்பாடு செய்து வைத்தது சுலோஜனாவேதான். தகவல் என்று அவள் அனுப்பினாள். கட்டளை என்று அவர் எடுத்துக்கொண்டார். கலவையில் கனம் கூடியவன் சொன்ன எண்ணே அதனால் தினமும் பலித்தது. பாவம், இந்திரஜித் உண்மையாகவே தவளையை நம்பிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறக்கச் சொல்ல வாயெடுத்தாள். திறந்தால் இன்றைக்கே எண் தப்பும். எண் தப்பினால் ஏன் தப்பியது என்று கொழும்பு கேட்கும். கேட்டால், அனுப்பியவள் பெயர் வரும்.

அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு, நாளைக்கும் நம்பர் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. சந்தையில் கள்ளத்தனம் எதுவும் இல்லை என்றும், ஊவா மாகாணம் முழுவதற்கும் இதை விரிவாக்கலாம் என்றும் எழுதியிருந்தாள்.

மற்ற மின் நிலையங்களின் ஒப்பரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க, ஜெயராசாவைச் சிபாரிசு செய்திருந்தாள்.