மூன்று நிமிட வியர்வை

மதியம் 2.10. விமானத்தில் 180 பேர். நடு வரிசையில் பெரிய மாப்பிள்ளை.

ஓட்டுபவர் சின்ன மாப்பிள்ளை. அக்கா, தங்கையைக் கட்டிய சகலைகள்.

பெரியவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. நாலரைக்கு இன்டர்வியூ. கேப்டனின் உறவினர் என்ற சலுகையில் டிக்கெட். அதுதான் அவருக்கு உறுத்தல்.

ஒலிபெருக்கி பேசியது.

"கேப்டன் பேசுகிறேன். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. மேலே ஏறும்வரை ஏசி இருக்காது. ஏசிக்கு வேண்டிய காற்றை இன்ஜினிலிருந்துதான் எடுக்கிறோம். இப்போது முழு சக்தியும் இன்ஜினுக்கே வேண்டும். மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

ஏசி நின்றது. புதுச் சட்டை முதுகில் ஒட்டியது.

"மேடு ஏறும்போது கார்ல ஏசியை அணைப்போமே, அந்த மாதிரி சார்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"ஓட்டை காரும் இதுவும் ஒண்ணா? ஓட்டத் தெரியணும் சார்."

"கேப்டனைத் தெரியுமா?"

"என் சகலைதான். மாமனார் வீட்டுல அவர் வந்தா சோபா. நான் வந்தா ஸ்டூல்."

பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலேகாலுக்கே போய்ச் சேர்ந்தார். வேலை கிடைத்தது.

சேர்ந்த முதல் நாளே, புது நாற்காலியில் உட்கார்ந்து விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதினார். 'குழந்தைகள், முதியவர்கள் என்று பாராமல் பயணிகளை வேகவைத்த கேப்டன் மீது நடவடிக்கை தேவை.'

"வேலைதான் கெடச்சிடுச்சே. விடுங்களேன்" என்றாள் மனைவி.

"ஏன், உன் தங்கச்சி புருஷன் தப்பே பண்ண மாட்டாரா? ஒரு நாளாவது உங்க வீட்டுல அவர் தலை குனியட்டும்."

"அவர் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க."

"அதான் எரியுது!"

ஜூன் 14-ம் தேதி பதில் வந்தது.

'அன்றைய வெப்பத்தில் ஏசியுடன் புறப்பட்டிருந்தால், எடையைக் குறைக்க ஒரு பயணியை இறக்கிவிட வேண்டியிருந்திருக்கும். ஏசியை நிறுத்தினால் அனைவரையும் ஏற்றிச் செல்லலாம். அதற்கு விதியில் இடமுண்டு. கேப்டன் அதையே தேர்ந்தெடுத்தார். எடை கூடினால் முதலில் இறக்கப்படுபவர் ஊழியரின் உறவினர் சலுகையில் வருபவர். அன்று அப்படி வந்தவர் தாங்கள் ஒருவரே.'