மஞ்சள் மாத்திரை

லஸ் பக்கத்துச் சந்து வீட்டில், ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும் பிற்பகல் வெயில் பீங்கான் பேசின்மேல் விழுகிறது. ஜட்கா வண்டி ஓட்டும் குலாம் முகம்மது சுவரில் சாய்ந்திருக்கிறார். குதிரையின் உண்ணி கடித்து வந்த காய்ச்சல் அவரைப் பாதியாக்கிவிட்டது. கப்பலில் வந்த, கூட்டுக்குள் மருந்து அடைத்த மஞ்சள் மாத்திரையைத்தான் டாக்டர் நம்பச் சொல்லியிருக்கிறார். வெறும் வயிற்றில் கூடாதாம். மனைவி அன்வரி உப்புக் கஞ்சியில் இரண்டு வாய் கொடுத்து மாத்திரையை விழுங்கவைத்து, மீதியை ஆற்றி ஊட்டுகிறாள்.

"இன்னும் ஒரு வாய்ங்க. மாத்திரை உள்ளே தங்கணும்."

"வாசனையே ஒத்துக்கல அன்வரி."

அடுத்த வீட்டில் வெங்காயம் தாளிக்கிறார்கள். அவள் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவதற்குள் அவர் குனிந்துவிடுகிறார். குடித்த கஞ்சியெல்லாம் பேசினில் விழுகிறது. நடுவே மாத்திரை, கூடு இளகி, மஞ்சள் கசிய மிதக்கிறது. கொட்டிலில் குதிரை தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

"அதான் கடைசியா?"

"ஆமாங்க. டாக்டராண்ட வேற இல்லியாம்."

அவர் கையை நீட்டுகிறார். "கழுவிக் குடு."

அன்வரி மாத்திரையை எடுத்துச் சொம்புத் தண்ணீரை மெல்லச் சாய்க்கிறாள். கூடு பிளந்து, மருந்து அவள் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டு வரை மஞ்சளாக இறங்குகிறது. அவர் இன்னும் கையை நீட்டியபடியே இருக்கிறார்.