ஜமக்காளத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கு

முகத்தை வைத்தே மனதைப் படிக்கும் கேமரா வந்தபின் எந்த அமைச்சராலும் பேரம் பேச முடியவில்லை. போர் நின்று ஒரு வருடமாகியும் ஊசிமலைப் பள்ளத்தாக்கு யாருக்கென்று இரு நாடுகளும் பேசிக்கொண்டே இருந்தன. ஓர் அமைச்சர் மனம் இளகினாலே, "இறங்குகிறார்" என்று அவர் நாட்டு மக்களின் போனில் தெரிந்துவிடும். வசவு விழும், அவரும் உடனே விறைத்துக்கொள்வார். இன்று மாலையோடு போர்நிறுத்தம் முடிகிறது.

கடைசியில் பொன்னக்காள் என்ற மாட்டுத்தரகரை அழைத்தார்கள். அவர் மகள் வாக்கப்பட்டதே அந்தப் பள்ளத்தாக்கில்தான்.

"சந்தையில துண்டுக்குள்ள விரலப் புடிச்சு வெல பேசுவோம். உங்களுக்கு மொகமும் மறையணுமுங்க," என்று இரு அமைச்சர்கள் மேலும் ஜமக்காளத்தைப் போர்த்தி, தானும் நடுவில் நுழைந்தார். "பள்ளத்தாக்கு எத்தன வருசம் பொதுவுல இருக்கோணும்? விரலுக்கு அஞ்சு வருசம்."

பொன்னக்காளின் வலக்கை விரல்களை ஓர் அமைச்சர் பிடித்தார், இடக்கை விரல்களை மற்றவர். இரண்டு பிடியும் நான்கு விரல்.

"முடிஞ்சுதா? வெளிய போலாமா?" என்றார் ஓர் அமைச்சர்.

"அரை மணி நேரம் இருங்க சாமி. சட்டுனு முடிஞ்ச பேரம்னா ஏமாந்துட்டீங்கன்னு ரெண்டு பக்கமும் ஏசுவாங்க. நல்லா வேர்க்கட்டும்."

வெளியே வந்த முகங்களில் கேமரா களைப்பை மட்டுமே கண்டது. இரு நாடுகளும் கைதட்டின.

பொன்னக்காள் மகளுக்குப் போன் போட்டார்.

"கட்டுன மூட்டையெல்லாம் பிரிச்சுரு கண்ணு. இருவது வருசத்துக்கு எங்கயும் ஓட வேண்டாம்."