அறுபத்தொன்றாம் கார்

சுரண்ட வேண்டாம் என்றாள்.

இத்தாலியிலிருந்து வந்தவர் கத்தியை எஞ்சின்மேல் வைத்தபடி நின்றார். எடுக்கவில்லை.

சிவப்புக் கார். இடுப்புயரம் வராது. இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சின். அதில் எண் பொறிக்கிற இடத்தில் மட்டும் ஏதோ கட்டியாக அப்பியிருந்தது. மஞ்சளும் சிவப்புமாக.

பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள், என்றார் அவர்.

அவர் கையில் பட்டியல். அந்தத் தொழிற்சாலை அந்த ரகத்தில் செய்தது நூற்றுப் பதினேழு கார்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். யார் வாங்கினார், யாரிடம் போனது, இப்போது எங்கே நிற்கிறது.

அறுபத்தொன்றாம் பக்கத்தின் குறுக்கே ஒரே வரி.

எரிந்து அழிந்தது.

எழுபத்தெட்டில், துறைமுகக் கிடங்குத் தீயில்.

இல்லை, தீக்கு முன்பே அது கப்பலேறிக் கோயம்புத்தூர் வந்துவிட்டது என்று பழைய கார்களின் பூர்வீகம் தேடுகிற அவள் ஆறு வருஷமாகப் பட்டியல்காரர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கப்பல் ரசீது அனுப்பினாள். கஸ்டம்ஸ் தாள் அனுப்பினாள். அதை வாங்கிய மில் முதலாளியின் குடும்பத்துக் காகிதங்கள் ஒன்று விடாமல் அனுப்பினாள். பட்டியல்காரர்கள் தங்களுக்குள் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

பேய் பிடிக்கிறவள்.

எண்ணை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், என்றார் அவர். எழுபத்தொன்பதில் ஷெட்டுக்குள் போன கார். வெளியே வந்தது இரண்டாயிரத்து ஐந்தில். நடுவில் இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு தாள் இல்லை. எரிந்த காரின் எண்ணை இன்னொன்றில் ஏற்ற அது போதாதா.

போதும்தான். அவளுக்கே தெரியும்.

சாயங்காலம் அவருக்கு விமானம். அந்தப் பக்கத்தை அப்படியே மூடினால் மூடியதுதான்.

அவள் குனிந்தாள். முகர்ந்தாள்.

சந்தனம்.

"வெள்ளிங்கிரியண்ணா, இது என்னங்க?"

மில்லின் பழைய டிரைவர் அவர். ஷெட் கதவோரம் நின்று தலையைச் சொறிந்தார்.

"பொட்டுங்க அம்மிணி. ஆயுத பூஜைப் பொட்டு."

"ஓடாத வண்டிக்கா?"

"ஓடலைன்னா சாமி கும்பிடக் கூடாதுங்களா? முட்டி வலியில நானுந்தான் ஓடறதில்ல."

"பழசைத் துடைச்சுட்டுல்ல வைக்கணும்?"

"துணியே படக் கூடாதுன்னுட்டாருங்க முதலாளி. ஒரு கீறல் விழுந்தாத் தோலை உரிச்சுருவேன்னாரு. வருஷத்துக்கு ஒருக்காச் சாவி வாங்கிட்டு வந்து, பழசு மேலயே வெச்சுட்டுப் போயிருவனுங்க. இந்த எஞ்சின்ல அங்க ஒண்ணுதான் சமமா இருந்துச்சு. முதலாளி பேரன் வந்து வண்டிய வெளிய எடுக்கறவரைக்கும் வெச்சேன்."

எண் பொறிக்கச் சமமாகச் செதுக்கிய இடம். அவள் எல்லாவற்றையும் இத்தாலிக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

அவள் கத்தியை வாங்கினாள். கட்டியின் விளிம்புக்கடியில் நுனியை விட்டாள். சுற்றிலும் மெல்ல நகர்த்தினாள். கல்லிலிருந்து தோசையைக் கிளப்புவதுபோல.

முழுசாக வந்தது.

கீழே எண். நேற்று அடித்ததுபோல் கூர்மையாக.

அவர் தன் தாளைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். எண்ணை யார் வேண்டுமானாலும், என்று ஆரம்பித்தார்.

அவள் கட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் காட்டினாள்.

மஞ்சள், சிவப்பு. மஞ்சள், சிவப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் மயிரிழைபோல் தூசிக் கோடு.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லென்ஸை எடுத்தார். எண்ணினார்.

எழுபத்தொன்பதிலிருந்து இரண்டாயிரத்து நான்கு வரை இருபத்தாறு பூஜை. இருபத்தாறு பொட்டு இருந்தால், அதற்கடியில் இருக்கிற எண்ணை நடுவில் எவனும் தொடவில்லை.

இருபத்தைந்து.

மறுபடி எண்ணினார்.

இருபத்தைந்து.

ஒன்று குறைகிறது, என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பட்டியலை மூடக் கை போனது.



"என்னவாமுங்க?" என்றார் வெள்ளிங்கிரி.

"ஒரு வருஷப் பொட்டு குறையுதாம்ணா. மறந்துட்டீங்களா?"

"மறப்பனுங்களா?" வெள்ளிங்கிரிக்குக் கோபம் வந்துவிட்டது. "முதலாளி தவறுன வருஷம் எப்படிங்க பூஜை போடறது? அந்த வருஷம் சாவியே வாங்கல."

அவள் அதை வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்த்தாள். அவசரப்படவில்லை.

அவர் அவள் அனுப்பிய காகிதங்களைப் புரட்டினார். அதில் மில் முதலாளியின் இறப்புச் சான்றிதழ் இருந்தது. இது எதற்கு என்று ஒரு தடவை கேட்டு எழுதியவர்தான்.

தொண்ணூற்றொன்று, ஆகஸ்ட்.

விரல் விட்டுக் கணக்குப் போட்டார். எழுபத்தொன்பது முதல் தொண்ணூறு வரை பன்னிரண்டு.

லென்ஸை அடியிலிருந்து பன்னிரண்டாவது பொட்டுக்குக் கொண்டுபோனார்.

அதற்கு மேலிருந்த தூசிக் கோடு மட்டும் இரண்டு மடங்கு தடிமன்.

நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளிடம் லென்ஸைக் கொடுத்தார். அவளும் பார்த்தாள்.

வெள்ளிங்கிரி இருவரையும் பார்த்தார். "நான் பொய் சொல்லலைங்க," என்றார்.

அறுபத்தொன்றாம் பக்கத்தின் குறுக்கே எழுதியிருந்ததை அவர் ஒரே கோட்டில் அடித்தார்.

வைத்திருந்தவர்கள் என்று ஒரு பத்தி. மிலான் நகரத்து டாக்டர் ஒருவர். அடுத்த வரியில் மில் முதலாளியின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே அடுத்த கட்டத்தில், பெயருக்கு இடம் விட்டு, எழுபத்தொன்பது, இரண்டாயிரத்து ஐந்து என்று வருஷங்களைப் போட்டார். நிறுத்தினார்.

முழுப் பெயர் என்ன என்று கேட்டார்.

அவள் பேரனின் பெயரைச் சொன்னாள்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். பேனாவால் கதவோரத்தைக் காட்டினார்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கருப்பண்ணன் மகன் வெள்ளிங்கிரி.

கட்டம் போதவில்லை. கோட்டைத் தாண்டி எழுதினார்.