யார் மடியில்?

முதுகுளத்தூரில் கிளம்பியதிலிருந்து கார் டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, பாம்பன்ல கொஞ்சம் நிப்பாட்டுங்க. புள்ளைக பாலம் பாக்கணுமாம்," என்றேன்.

வண்டி நின்றது. பதில் வரவில்லை.

மறுபடி ஏறியதும் என் கணவர் காளிதாஸ் ஆரம்பித்தார். "ராமேஸ்வரத்துல மகிழினிக்குக் காது குத்தறப்ப, தாய்மாமன் மடி வேணும்னு அழுது வைக்காத. நம்ம கல்யாணத்துக்கே ஒன் வீட்டு ஆளுக எட்டிப் பாக்கல. ஒருத்தர் மூஞ்சிகூட எனக்குத் தெரியாது. என் மடியிலயே வச்சுக் குத்தலாம்."

"அந்த ஒரு மடியாவது எம் புள்ளைக்குக் கிடைக்கட்டுமே."

"எங்கன இருந்து வரும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தனுஷ்கோடியில் மகனும் மகளும் அலையைத் துரத்தினார்கள். டிரைவர் அவர்கள் இருவருக்கும் மாங்காய் வாங்கிக் கொடுத்தார். எனக்கு நீட்டவில்லை.

"திமிர் புடிச்ச ஆளு. வேற வண்டி பாப்பமா?" என்றார் காளிதாஸ்.

"வேணாம்," என்றேன். அந்த மௌனம் என்னைச் சுட்டது. ஆனாலும் அந்த டிரைவரை அனுப்ப மனம் வரவில்லை.

ராமேஸ்வரத்தில் ஆசாரி ஊசியை எடுத்தார். "தாய்மாமன் வந்து உக்காருங்க."

"அப்படி யாரும் இல்ல," என்று காளிதாஸ் மகளை மடியில் இழுத்து வைத்தார்.

வெளியே நின்ற டிரைவர் உள்ளே வந்தார். பிள்ளையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"ஏலே, யாருலே நீ?" காளிதாஸ் கத்தினார்.

டிரைவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளைக்காகத்தான் வந்தேன். ஒன்னோட எனக்கு என்னைக்கும் பேச்சு கெடையாது," என்றான் என் அண்ணன்.