மூங்கில் கிலுகிலுப்பை

பவுனுத்தாயின் வீட்டுக்குச் சோதனைக்கு வந்த அதிகாரி நசீமா கண்ணாடிக் குப்பியைத் திறந்து எறும்புகளைத் தரையில் விட்டார். குச்சிப்பூச்சியின் முட்டை என்றால் எறும்புக்கு உயிர். எங்கே கிடந்தாலும் தேடிப் போய்விடும்.

காட்டை மூடிய உண்ணிச்செடிக் களையைத் தின்று தீர்க்கட்டும் என்றுதான் அந்தப் பூச்சிகளை உருவாக்கிக் காட்டில் விட்டார்கள். ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகி, இப்போது தேயிலையையும் மொட்டையடிக்கின்றன. ஒரு முட்டை அகப்பட்டாலும் வீட்டைச் சாமான்களோடு கொளுத்திவிடுவார்கள். போன வாரம் எதிர்வீடு எரிந்தது.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பவுனுத்தாய் எறும்புகளுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். "தினம் துணிய வெந்நீர்ல போட்டுத்தான் மேடம் எடுக்கிறேன். தலைய உதறிட்டுத்தான் உள்ளயே வருவேன்."

"அப்புறம் ஏன் பயப்படுறீங்க?"

எறும்புகள் அடுப்படியைச் சுற்றின. துணிமூட்டையில் ஏறி இறங்கின. பிறகு ஒரே வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்த குழந்தையிடம் போய், அதன் கையிலிருந்த கிலுகிலுப்பையை மொய்த்தன.

அது பவுனுத்தாய் செய்தது. குழந்தை வயிற்றில் இருந்தபோது, காட்டு மரத்தடியில் கொட்டிக்கிடந்த பளபளப்பான விதைகளை அள்ளி மூங்கில் குழாயில் அடைத்திருந்தாள். அப்போது இந்தச் சட்டமெல்லாம் இல்லை.

"வெதைன்னு நெனச்சேன் மேடம்."

நசீமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளைய மட்டும் தூக்கிட்டு வெளிய வாங்க. வேற எதையும் தொடாதீங்க."

பவுனுத்தாய் கிலுகிலுப்பையைப் பிடுங்கி, சத்தம் வராதபடி இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். அது துளியும் அசையவில்லை. உள்ளே ஏதோ ஊர்ந்து சுரண்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.