மெதுவா ஓடுங்கக்கா

“நிக்காதீங்க, ஓடுங்க! நின்னா அவ்வளவுதான்னு நினைச்சு ஓடுங்க!”

இஸ்திரிக்காரி ஓடினாள். மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. காலுக்குக் கீழே தரை மட்டும் இல்லை.

கத்தியது, நீச்சல் குளத்துக் கரையில் விசிலும் கையுமாக நின்ற மாஸ்டர்தான். இடுப்பில் மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் அந்தரத்தில் ஓடுகிற வகுப்பு அது. முட்டி போனவர்களும் இடுப்பு பிடித்தவர்களும் பத்துப் பதினைந்து பேர் அதில்.

“டீச்சரம்மா, ஓடச் சொன்னா சைக்கிள் மிதிக்கிறீங்க!”

“அதுவும் பஞ்சரான சைக்கிள் மாஸ்டர்!” என்றாள் டீச்சரம்மா. குளமே சிரித்தது.

இஸ்திரிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. சலவைக் கம்பெனியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முட்டி போனதிலிருந்து, அண்ணன் தயவில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அண்ணியின் முகம் போகிற போக்கு இவளுக்குத்தான் தெரியும்.

“நின்னு தேய்க்க முடிஞ்சா வாம்மா. அதுவரைக்கும் வேற ஆளை வச்சு ஓட்டிக்கிறேன்” என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஓட்டம்.

பக்கத்தில் ஓடுகிறவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர். புதிதாகச் சேர்ந்தவன். “மெதுவா ஓடுங்கக்கா, அவசரப்பட்டு முட்டியைக் கெடுத்துக்காதீங்க” என்று நிமிஷத்துக்கொரு தரம் சொல்வான். வீட்டில்கூட இவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

வகுப்பு முடிந்தால் எல்லோரும் ஏறிப் போகும்வரை அவன் தண்ணீரிலேயே கிடப்பான். நொண்டுவதை நாலு பேர் பார்க்க வெட்கம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வாள். தண்ணீருக்குள் இருக்கும்வரை யாருக்கு எந்தக் கால் பழுதென்று தெரியவா போகிறது?

“டாக்டர் சரின்னுட்டார் தம்பி. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்” என்றாள்.

அவன் ஓட்டம் நின்றது. “இன்னும் ஒரு மாசம் போகட்டுமேக்கா...”

“அந்த ஒரு மாசத்துக்கு எங்க அண்ணிக்கு நீ வந்து பதில் சொல்றியா?”

மாஸ்டர் விசில் ஊதினார். படியேறிப் போய் உடை மாற்றியவள், துண்டைக் கரையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினாள்.

ஆளில்லாத குளத்திலிருந்து அவன் ஏறிக்கொண்டிருந்தான். ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, விறுவிறுவென்று நடந்து வந்தான். இவளைப் பார்த்ததும் நொண்டப் பார்த்தான். எந்தக் காலை நொண்டுவதென்று தெரியாமல் நின்றுவிட்டான்.

“உனக்குக் கால் நல்லாத்தானேப்பா இருக்கு! அப்புறம் எதுக்கு இங்க வர்றே?”

அவன் நிமிரவே இல்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“உங்க இடத்துல இப்போ துணி தேய்க்கிறது நான்தான்க்கா.”